கழித்தல் கணக்கு மாதிரி: 98 சதவீதம் சரியாக வந்தும் வழிகாட்டி ஏன் மறுக்கிறார்?

நண்பரே, மனிதர் கணக்குப் போடும் விதத்துக்கு மாதிரியாக நீங்கள் உருவாக்கிய நரம்பு வலைப்பின்னல் (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரல்) கழித்தல் கணக்கில் 98 சதவீதம் சரியாக விடை தருகிறது, ஆனாலும் வழிகாட்டி அதை "மனத்தின் மாதிரி அல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. சரியான விடை கால்குலேட்டரிலும் வரும். மனிதர் தவறும் இடத்தில், அதே விதமாக உங்கள் மாதிரியும் தவறுகிறதா என்பதே கேள்வி.

1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் இப்படித் தவறுகளைத்தான் ஆராய்ந்தார்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 35 என்று எழுதும். கவனக்குறைவு அல்ல; ஒன்று, பத்து என ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் உறுதியான விதி அது. 304இலிருந்து 156 போனால் 248 என்பது இன்னொரு வகை: பூஜ்யத்தை 9 ஆக்கிவிட்டு, 3இலிருந்து கடன் வாங்க மறப்பது. சரியான செயல்முறையில் ஒரு படியை மாற்றினாலே இத்தகைய பிழைகள் பிறப்பதை அவர்களின் 'பக்கி' (Buggy) என்ற கணினி நிரல் காட்டியது. எவ்வளவு அழகான ஆய்வு!

ஆகவே வலைப்பின்னலின் அந்த 2 சதவீதத் தவறுகளை முதலில் எடுத்துப் பாருங்கள். குழந்தைகளின் விடைத்தாள்களோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆண்டர்சன் உருவாக்கிய, மனித மனம் இயங்கும் விதத்தைக் கணினியில் காட்டும் ஆக்ட்-ஆர் (ACT-R) கட்டமைப்பில், கழித்தலின் படிகளை 'இந்த நிலை வந்தால் இதைச் செய்' என்ற விதிகளாக எழுதிப் பாருங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒரு விதி இயங்க வழக்கமாக 50 மில்லிவினாடி என்று கொள்வார்கள், அதனால் விடை சொல்ல ஆகும் நேரத்தையும் மனிதரோடு ஒப்பிட முடியும்.