அக்காளுக்கு ஓர் அளவு, தம்பிக்கு ஓர் அளவா?

அன்புமிக்க அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் நடந்த வழிகாட்டிக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு நின்றபடியே பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. எஸ்.பி.எம். தேர்வை முடித்த மகளும் படிவம் ஐந்தில் படிக்கும் மகனும் மலேசிய இராணுவத்தில் சேர விரும்புகிறார்கள் என்றீர்கள். பெண்களுக்கான உடல்தகுதி அளவுகள் ஆண்களுக்கு உரியவற்றைவிடக் குறைவு என்று தம்பி சொல்லிக்காட்டியதில் அக்காளின் மனம் சுருங்கிவிட்டது என்றும், நாளைக்குச் சீருடை போட்ட பிறகும் 'சலுகையில் வந்தவள்' என்ற பேச்சு அவளை விடாதோ என்றும் கலங்கினீர்கள். அந்தக் கலக்கம் நியாயமானது. ஆனால் அதற்குக் காரணம் இரண்டு வெவ்வேறு அளவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான்.

ஓட்டம், தண்டால், வயிற்றுப் பயிற்சி என்று நடத்தப்படும் அடிப்படைச் சோதனை, ஒருவருடைய உடல் நலமாக இருக்கிறதா, முறையாகப் பயிற்சி செய்து வந்திருக்கிறதா என்பதைப் பார்ப்பதற்கு உரியது. பருவமடைந்த பிறகு ஆணுடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகுதியாகச் சுரப்பதால் தசையும் எலும்பும் பருக்கின்றன. இதயம் சற்றுப் பெரிதாகிறது. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இரத்தத்தில் கூடுகிறது. இதனால் சராசரிப் பெண்ணின் மேலுடல் வலிமை சராசரி ஆணின் வலிமையில் ஏறத்தாழ பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் இருக்கிறது. கால்களில் இந்த இடைவெளி குறைவு. ஆகவே ஒரே நேரத்தில் ஓடி முடித்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே அளவு உழைத்தவர்கள் அல்லர். பெண் கூடுதலாக உழைத்திருக்கிறாள். பெண்களுக்கு வேறு அளவு வைப்பது இந்த உழைப்பைச் சரியாகக் கணக்கிடுவதற்காகத்தான். இதே சோதனைகளில் பல நாட்டுப் படைகள் வயதுக்கும் வேறு வேறு அளவு வைத்திருக்கின்றன. நாற்பத்தைந்து வயது சார்ஜண்ட் இருபது வயதுக்காரரைவிட மெதுவாக ஓடித் தேர்ச்சி பெறுகிறார். அவரை யாரும் பாதிப் படைவீரர் என்று சொல்வதில்லை. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது அளவு வேலைக்கு உரியது. அங்கே ஆண், பெண் என்ற கணக்கு இருக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காயம்பட்ட தோழரின் எடை, அவரைத் தூக்குபவர் பெண் என்பதால் குறையாது. பிரிட்டிஷ் தரைப்படை 2018-இல் எல்லாப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. மறு ஆண்டு கொண்டுவந்த பணிக்கான சோதனையில், காலாட்படையில் பணியாற்றுபவர் யாராக இருந்தாலும் 40 கிலோ சுமையுடன் 4 கிலோமீட்டரை 50 நிமிடத்திற்குள் நடந்து, பிறகு 25 கிலோ சுமையுடன் 2 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் கடக்க வேண்டும் என்று வைத்தது. அமெரிக்கத் தரைப்படை இதில் தடுமாறியே வழி கண்டது. அனைவருக்கும் ஒரே அளவு என்று ஒரு சோதனையைத் திட்டமிட்டு, 2022-இல் வயது, பாலினம் பார்த்து மதிப்பெண் தரும் முறைக்குத் திரும்பி, 2025-இல் நேரடிப் போர்ப் பணிகளுக்கு மட்டும் இருபாலருக்கும் ஒரே மதிப்பெண் அளவை விதித்தது. பொது நலத்துக்கு ஓர் அளவு, குறிப்பிட்ட வேலைக்கு ஓர் அளவு என்று பிரித்துப் பார்ப்பதே முறை என்பதை இந்தத் தடுமாற்றமே காட்டுகிறது.

இது நம் தோட்டத்துப் பெண்களுக்குப் புதிய செய்தியன்று. உங்கள் தாயார் காலத்தில் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த பெண்கள், தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு, மேடு பள்ளம் ஏறி இறங்கிக் கொட்டகைக்கு வந்தார்கள். அங்கே பெண் என்பதற்காக யாரும் தராசை மாற்றி வைக்கவில்லை. நம் நாட்டு ஆகாயப் படையில் மிக்-29 போர் விமானத்தை ஓட்டிய சபாவின் பெட்ரிஷியா யாப் அவர்களுக்கும் விமானம் தனிச் சலுகை எதுவும் தந்திருக்காது.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெண்களுக்கான தேர்ச்சி அளவை வாசற்படியாக மட்டும் வைத்துக்கொள்ளட்டும், அதைத் தாண்டி, தான் விரும்பும் பணி என்ன கேட்கிறதோ அதைக் குறியாகக் கொள்ளட்டும். மருத்துவப் பிரிவு, தொலைத்தொடர்பு, தளவாடம், கடற்படைத் தொழில்நுட்பம் என்று ஒவ்வொன்றும் உடலிடம் கேட்பது வேறு.

பயிற்சிக்கு முன்பாகச் செய்ய வேண்டிய ஒன்றை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். மகளை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று முழு இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்துவிடலாம். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை என்று பொருள். அந்த நிலையில் எவ்வளவு ஓடினாலும் மூச்சுத்தான் வாங்கும், பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்வாள். ஆனால் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவர்கள் பலர் உள்ளனர். அதனாலும் ஹீமோகுளோபின் குறையும், அவர்களுக்குத் தேவையின்றி இரும்புச்சத்து கொடுப்பது நல்லதன்று. படிவம் நான்கில் எடுத்த தலசீமியா பரிசோதனையின் முடிவு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, நெத்திலி, ஈரல் ஆகியவை இருக்கட்டும். கூடவே ஒரு துண்டு கொய்யா இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சோற்றோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அது இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும்.

அடுத்தது, தாய் மட்டுமே கவனிக்கக்கூடியது. பயிற்சிக்கு வரும் இளம்பெண்களுக்குத் கீழ்க்கால் எலும்பிலும் பாதத்திலும் மெல்லிய விரிசல் விழுவது ஆண்களைவிட அதிகம். திடீரென்று ஓட்டத்தைக் கூட்டுவதும், எடை குறைய வேண்டும் என்று வயிற்றைக் காயப்போடுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஓட்டம் தொடங்கிய பிறகு மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனால், அதை உடற்பயிற்சியின் இயல்பான விளைவு என்று விட்டுவிடாதீர்கள். உண்பது போதவில்லை என்று உடல் சொல்லும் எச்சரிக்கை அது. இதை அவள் உங்களிடம் கூச்சமின்றிச் சொல்லும்படி வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஆறு மாத அவகாசம் இருக்கிறது, அது போதும். சோதனையில் வரும் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்பது 400 மீட்டர் திடலில் ஆறு சுற்று. முதல் மாதம் ஒரு சுற்று ஓட்டம், அரைச் சுற்று நடை என்று வாரத்தில் மூன்று நாள் செய்து, மெல்ல மெல்ல நடையைக் குறைத்துவரட்டும். தண்டாலை முதலில் வீட்டுத் திண்ணையில் கை ஊன்றிச் செய்து, கை பழகிய பிறகு தரைக்கு இறங்கட்டும். மேலுடல்தான் பெண்களுக்குப் பின்தங்கும் இடம் என்பதால் இதற்கே அதிக நாள் ஒதுக்க வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்து நடக்கலாம். சுமையுடன் ஓடவேண்டாம்.

மகனைப் பற்றியும் சொல்லவேண்டும், அவன் மீது எனக்குக் கவலை இருக்கிறது. ஆணாகப் பிறந்ததே பாதித் தேர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடத் தொடங்கி, பாதி ஓட்டத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறை ஆண்களிடமே மிகுதி; படைகளில் பல பணிகளுக்கு அது தடை. மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே சில நிமிடத்தில் தெரிந்துவிடும் இதை இப்போதே பார்த்துவிட்டால், பின்னால் ஏமாற வேண்டியதில்லை.

உயரம், எடை போன்ற அளவுகளை ஆள்சேர்ப்பு அறிவிப்பே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகச் சொல்லும்; அந்த ஆண்டின் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

செம்பனைக் காட்டுச் சாலையில் மகள் தனியாக ஓடுவதற்குப் பயமாக இருக்கிறது என்றீர்கள்; அவள் அப்படித் தனியாக ஓடுவதில் எனக்கும் உடன்பாடில்லை. மாலையில் பள்ளித் திடலில் அக்காளும் தம்பியும் சேர்ந்தே ஓடட்டும்; தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு நான் பேசுகிறேன். இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும், அடுத்த சனிக்கிழமை காலையில் இருவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.