கப்பல் வேலைக்குப் போக: டர்பன் வாசகர் கேள்விகள்

கப்பலில் 22 வருடம் இருந்தவன் நான். கரைக்கு வந்த பிறகும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இந்த வாரம் வந்த நான்கு கேள்விகள் இவை.

அண்ணா, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் படிப்பை முடித்துவிட்டேன். எப்போது டெக் அதிகாரி (கப்பலைச் செலுத்தும் அதிகாரி) ஆகலாம்? (சாட்ஸ்வொர்த்)

தம்பி, பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாய். மீதி கடலில்தான். எஸ்டிசிடபிள்யூ (கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய உலக ஒப்பந்தம்) விதிப்படி, அங்கீகரித்த பயிற்சியோடு போனால் குறைந்தது 12 மாதம் கப்பலில் இருக்க வேண்டும். அந்த வழியில் வராதவருக்கு 36 மாதம். அப்புறம்தான் சாம்சாவிடம் (தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம்) சான்றிதழ் கேட்டுப் போக முடியும். அந்த 12 மாதத்துக்குச் சாட்சி உன் பயிற்சிப் பதிவேடு. நான் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) இருந்தபோது லைஃப்போட் இறக்கியது, பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறையில்) வாட்ச், அதாவது முறை வைத்துக் கண்காணிப்பு, நின்றது எல்லாவற்றையும் பென்சிலில் குறித்துவைத்து, கையெழுத்தைக் கடைசியில் வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்த டெக் அதிகாரி) இறங்கி ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், தான் பார்க்காத வேலைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அத்தனை வேலையையும் அவர் முன்னால் மறுபடி செய்தேன். நீ வாரா வாரம் பேனாவோடு போய் நில்.

கோர்ஸில் சேரும் முன் என்ன செய்ய வேண்டும்? (வெருலம்)

முதலில் மருத்துவப் பரிசோதனை. குறிப்பாக நிறம் பிரித்தறியும் கண். இரவில் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரிக்க முடியாதவரை வாட்ச் நிற்க விடமாட்டார்கள். கட்டணம் கட்டிய பிறகு அது தெரியவந்தால் வயிறு எரியும்.

எனக்கு 29 வயது. தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கப்பலில் இடம் உண்டா? (மெரிபேங்க்)

நிச்சயமாக உண்டு. எஸ்டிசிடபிள்யூவின் 2010 மணிலா திருத்தத்தில் மின்-தொழில்நுட்ப அதிகாரி என்று தனிப் பதவியே வந்துவிட்டது. அங்கீகரித்த பயிற்சியில் பட்டறையும் கடலும் சேர்த்து 12 மாதம் வேண்டும். அதில் 6 மாதமாவது கடலில் இருக்க வேண்டும். உங்கள் தொழிற்சாலை அனுபவத்தில் எதை ஏற்பார்கள் என்று சாம்சாவிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. மோட்டாரைக் கையால் பிரித்துப் பழகியவர் கப்பலுக்குப் பெரிய பலம்.

மகனுக்குக் கப்பலில் இடம் வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (பீனிக்ஸ்)

அக்கா, ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள். வேலை வாங்கித் தருவதற்கென்று கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006 கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. தென்னாப்பிரிக்கா 2013இலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் செலவை உங்கள் மகன் ஏற்க வேண்டியிருக்கலாம். விசாவுக்கு என்று அந்த ஆள் கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள். அது கப்பல் முதலாளி கட்ட வேண்டிய பணம்.