வாடகை வீட்டுச் சுவரில் ஓதம்: செலவு யார் தலையில்?

கேள்வி: தருமபுரி டவுனில் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து படுக்கையறைச் சுவர் ஊறி, பெயிண்ட் பொருமி உதிர்கிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம்; துணியெல்லாம் மக்கிய வாடை. "நீங்க துணியை வீட்டுக்குள்ள காயப்போடறதாலதான்" என்கிறார் ஓனர். நாங்களே பெயிண்ட் அடித்துவிடலாமா? காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பாரா?

பதில்: பெயிண்ட் வாங்கிவிடாதீர்கள். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே எதை அடித்தாலும் அடுத்த மழைக்கே பொருமிவிடும். ஓதத்தைத் தடுக்கும் என்று விலை கூட்டி விற்கிற பெயிண்டுக்கும் அதே கதிதான்; கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார்.

ஓனர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. மூடிய அறையில் ஈரத்துணி காய்ந்தால் சுவர் வியர்க்கும். சோதித்துப் பாருங்கள். ஊறிய இடத்தைத் துடைத்துவிட்டு, ஒரு முழ அகலப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு இறுக ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து, தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்புறம் மொட்டை மாடிக்குப் போய், அறைக்கு நேர் மேலே கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையைப் பாருங்கள். விரிசல் அடிக்கடி அங்கேதான் விடும். வடிகுழாய் வாயில் சருகு அடைத்துத் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கறையின் ஓரமாகப் பென்சிலில் கோடு போட்டு, தேதி எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழையில் கறை கோட்டைத் தாண்டினால் ஓனரால் மறுத்துப் பேச முடியாது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கட்டட அமைப்பில் வரும் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது ஓனர் பாடு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு உங்கள் பாடு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். தளம் ஒழுகுவது நீங்கள் செய்த சேதம் இல்லை. அதற்காக அட்வான்ஸில் கை வைப்பது நியாயமில்லை. படங்களோடு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. அதற்கும் அசையாவிட்டால், இந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்களைக் காலி செய்யச் சொல்ல அதுவே அவருக்குக் காரணமாகிவிடும். நுகர்வோர் ஆணையம் இதற்கான இடமல்ல. ஓனர் பணம் கொடுத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்தும் ஒழுகினால், அந்த காண்ட்ராக்டர் மேல் அவர் அங்கே போகலாம்.

ஊறிய சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் முதல் வேலையாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாடைக்கு: பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுத் துணியை வெயிலில் உலர்த்துங்கள். பூசணத்தைக் காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறந்து இருமல் வரும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைப்பது நல்லது. ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். அந்துருண்டையும் சாம்பிராணியும் வாடையை மறைக்கும், அவ்வளவுதான்.