கடலில் வாழ்ந்த பண்டைய முதலை உறவினங்களின் காது, அவற்றின் நீர்வாழ்வை எப்படிக் காட்டுகிறது?

பார்க்க வேண்டியது உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்களை. தலை திரும்பும்போது உள்ளிருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கும். அதை வைத்தே மூளை சமநிலையைக் கணிக்கிறது. குழலின் வளையம் பெரிதானால் உணர்திறன் கூடும். நீர் உடலைத் தாங்குவதால் கடல்வாழ் விலங்குக்கு அவ்வளவு நுட்பம் தேவைப்படுவதில்லை.

ஜுராசிக் காலக் கடல்களில் நீந்திய மெட்ரியோரிங்கிட் முதலைகளுக்குத் துடுப்புக் கால்களும் மீன்வால் போன்ற வாலும் இருந்தன. மண்டையோட்டை சிடி ஸ்கேன் செய்து, குழல்களில் இறுகிய படிவை அடுக்கடுக்காகக் கணினியில் பிரித்தால் குழலின் வார்ப்பே கிடைக்கும். 2020-இல் வெளியான ஆய்வில் அவற்றின் குழல்கள் குட்டையாக, தடித்து, இறுக்கமாக இருந்தன. அவற்றின் உறவினமான, கரையோரம் வாழ்ந்த டெலியோசாராய்டுகளிடம் இந்த மாற்றம் இல்லை. எனக்கு இதில் மிக அழகாகத் தெரிவது வரிசைதான்: திமிங்கிலங்களில் நீருக்குள் வந்த சிறிது காலத்திலேயே குழல்கள் சுருங்கின, இந்த முதலைகளிலோ நெடுங்காலம் பாதி நீரிலும் பாதி நிலத்திலும் வாழ்ந்த பிறகே, உடலின் எலும்புக்கூடு மாறத் தொடங்கிய பின்னரே சுருங்கின.

அளக்கும்போது மண்டையோட்டின் அளவோடு ஒப்பிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சிறிய விலங்கெல்லாம் கடல்வாழ் விலங்காகத் தோன்றும். நசுங்கிய புதைபடிவமும் வளையத்தின் வடிவத்தைக் கெடுத்துவிடும்.