முதல் படகு: கோடு போடும் முன் எடை போடுங்கள்

கேள்வி: ஏரியில் இரண்டு பேர் உட்கார்ந்து தூண்டில் போட ஒரு துடுப்புப் படகை நானே வடிவமைத்துக் கட்ட ஆசை. தச்சு வேலை ஓரளவு வரும், படகு வடிவமைப்பு தெரியாது. கணினி மென்பொருளில் தொடங்கலாமா?

மென்பொருள் கடைசியில். படகு வரையும் மென்பொருளான டெல்ஃப்ட்ஷிப்பின் இலவசப் பதிப்பே உங்களுக்குப் போதும். ஆனால் எடை தெரியாமல் அதில் உட்கார்ந்தால், திரையில் அழகாகவும் தண்ணீரில் ஆபத்தாகவும் இருக்கும் படகைத்தான் வரைவீர்கள்.

ஆட்கள் 140 கிலோ. துடுப்பு, நங்கூரம், சாமான் 20 கிலோ. அடுத்தது படகின் சொந்த எடை. 6 மி.மீ. மரைன் பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய நாலரை கிலோ. அடிப்பலகை, பக்கங்கள், பின்பலகை, இருக்கை எல்லாம் சேர்த்து ஏழரை சதுர மீட்டர் பிடித்தால் 34 கிலோ. விளிம்புச் சட்டம், எபாக்சி பிசின், மூட்டில் ஒட்டும் பைபர் டேப், பெயின்ட் என்று அதில் பாதி இன்னும் ஏறும். ஆக 50 கிலோ. பலர் பிளைவுட்டோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். கட்டிய படகு எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்குவது அதனால்தான். ஒப்பிட்டுப் பார்க்க: 1962இல் பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட மிரர் பாய்மரப் படகு 3.3 மீட்டர் நீளம், வெறும் உடல் சுமார் 45 கிலோ. அதுவும் பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டில் டேப் ஒட்டிக் கட்டுவதுதான். உங்களுக்கும் அதே முறையைச் சொல்வேன். (சென்னைக் கரையில் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் ஓடிய நாடு நம்முடையது, தையல் நமக்குப் புதிதல்ல.)

மொத்தம் 210 கிலோ. மிதக்க வேண்டுமானால் படகு 210 லிட்டர் நன்னீரை விலக்க வேண்டும். நீளம் 3.6 மீ., நீர்மட்டத்தில் அகலம் 1.1 மீ. என்று வைப்போம். முனைகள் குறுகுவதற்காக 0.6ஆல் பெருக்கினால் 2.38 சதுர மீட்டர். 210 லிட்டரை, அதாவது 0.21 கன மீட்டரை, இதால் வகுத்தால் 9 செ.மீ. அவ்வளவுதான் மூழ்கும்.

அகலத்தில் கை வைக்காதீர்கள். கவிழாமல் நிற்கும் பலம் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் (அகலம் × அகலம் × அகலம்) பொறுத்தது. 1.1 மீட்டரை 1 மீட்டராக்கினால் இழப்பது பத்து சென்டிமீட்டர் போலத் தோன்றும்; நீர்மட்டப் பரப்பு தரும் நிலைப்புத்தன்மையில் கால் பங்கு போய்விடும். உட்கார்ந்திருக்கும்வரை அது தெரியாது. மீன் கடித்த வேகத்தில் இருவரும் எழுந்தால் எடைமையம் மேலேறும், மிச்சமிருந்த பிடிப்பு ஏறக்குறைய பூஜ்யமாகும்.

இதைக் கையில் உணர, 1:10 அளவில் அட்டை மாதிரி செய்யுங்கள். அட்டைதான் வேண்டும், களிமண்ணோ தெர்மோகோலோ வேண்டாம். பிளைவுட்டைப் போலவே அட்டையும் ஒரு திசையில்தான் வளையும். அணியத்தருகே, அதாவது படகின் முன்முனையருகே, அட்டை கசங்கினால் பிளைவுட்டும் அங்கே வளைய மறுக்கும், அல்லது வெடிக்கும். வெளியே பேக்கிங் டேப் சுற்றுங்கள். நீளம் பத்தில் ஒன்று என்றால் எடை ஆயிரத்தில் ஒன்று: ஆட்களின் எடையும் சேர்த்து மொத்தம் 210 கிராம் வரும்படி சமையல் தராசில் சரிபார்த்து, வாளித் தண்ணீரில் விடுங்கள். 9 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டுவைத்தால் கணக்கு சரியா என்று அங்கேயே தெரியும். ஓர் ஆளுக்கு 70 கிராம் களிமண் உருண்டை. முதலில் இருக்கை உயரத்தில் வையுங்கள். பிறகு குச்சியில் செருகி, மாதிரியின் அடிப்பலகையிலிருந்து 9.5 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். அது நிற்கும் ஆள். ஓரத்தை விரலால் லேசாக அமுக்கிவிடுங்கள். மாதிரி நிமிராவிட்டால் படகும் நிமிராது.

பிறகு ஓர் உருண்டையை எடுத்துவிடுங்கள். முனை தூக்குகிறதா? தனியாகத் துடுப்புப் போடும்போதும் அப்படியேதான் தூக்கும். ஆகவே இருக்கையை இரண்டு இடத்தில் பொருத்தும்படி செய்யுங்கள். துடுப்புத் தாங்கி, இருக்கையின் பின்விளிம்பிலிருந்து படகின் பின்புறம் நோக்கிச் சுமார் 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். படகின் இரு முனைகளிலும் அடைத்த காற்றறை கட்டாயம். தண்ணீர் நிரம்பினாலும் பிடித்துக்கொள்ள ஒன்று மிதக்கும்.

மாதிரி தேறியதும் அட்டையைப் பிரித்து அளந்து நேராகப் பிளைவுட்டில் வெட்டிவிடாதீர்கள். அட்டையில் 1 மி.மீ. பிசகு பலகையில் 1 செ.மீ. இப்போது மென்பொருளைத் திறந்து அந்த அளவுகளை ஏற்றுங்கள். அது தரும் விரிப்பு வடிவங்களை (பலகைகளைத் தட்டையாக விரித்த வரைபடங்களை) 1:5 அட்டையில் ஒட்டிப் பாருங்கள். ஓரங்கள் இடைவெளியின்றிச் சேர்ந்தால் ரம்பத்தை எடுக்கலாம்.