அம்மாவுக்கு யார் வாசிப்பது?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 38. தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. மனைவி, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன், அம்மா, நான் என்று நாலு பேர். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். கொஞ்ச நாளாக விசுவாசம் என்னைவிட்டு நழுவுகிற மாதிரி இருக்கிறது. ஆலயத்தில் உட்கார்ந்திருப்பேன், மனசு கடன் தவணைக்குப் போய்விடும். ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் ஐந்து நிமிடத்தில் கை போனைத் தேடுகிறது. ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் பார்க்கிறேன். கூட வேலை பார்த்த ஒருவர் விபத்தில் இறந்துபோனதிலிருந்து, கடவுள் நிஜமாகவே கேட்கிறாரா, நாம்தான் சுவரோடு பேசுகிறோமா என்ற சந்தேகம் வேறு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம் எதையும் விடவில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு வேதம் வாசித்துக் காட்டுவேன். அவருக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை, சர்க்கரையும் உண்டு. போன வருடம் என் பழைய போனில் ஆடியோ பைபிள் போட்டுக் கொடுத்துவிட்டேன், அதனால் அந்தக் கவலை இல்லை. சில நாள் ஒரே அதிகாரம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும், நான் போய் அணைத்துவிட்டு வருவேன். விசுவாசம் பழையபடி உறுதியாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, சந்தேகம், கவலை, போன் என்று மூன்று வியாதிகளை எழுதி மருந்து கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் சொல்லி ராயபுரத்திலிருந்து கடிதம் வரும், வியாசர்பாடியிலிருந்து வரும், எண்ணூரிலிருந்து வரும். எத்தனையோ வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'கலங்காதீர்கள், எல்லோருக்கும் வருவதுதான்' என்று நாலு வரி எழுதி அனுப்பிவிடலாம். உங்களுக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. காரணம், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. அம்மாவுக்கு ஆடியோ பைபிள் போட்டுக் கொடுத்துவிட்டேன், 'அதனால் அந்தக் கவலை இல்லை.'

எந்தக் கவலை? பெற்ற தாய்க்கு ராத்திரி பத்து நிமிடம் வேதம் வாசிப்பது எப்போது உங்களுக்குக் கவலைக் கணக்கில் சேர்ந்தது?

ஒரே அதிகாரம் ஏன் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று யோசித்தீர்களா? கண் தெரியாதவர் கையில் வழவழவென்று ஒரு போனைக் கொடுத்தால், எதைத் தொட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போவார்? பழைய ரேடியோவில் திருகு இருந்தது, டேப் ரெக்கார்டரில் அமுக்குகிற பட்டன் இருந்தது, விரலே கண்டுபிடித்துவிடும். இதில் தடவிப் பார்க்க ஒன்றுமே இல்லை. தெரியாமல் கை பட்டு 1 நாளாகமத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒன்பது அதிகாரமும் பெரும்பாலும் பெயர்கள்தான், வம்ச வரலாறு. இருட்டில் படுத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா அந்தப் பெயர்களை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். 'மாத்திக் குடுப்பா' என்று கூப்பிட்டிருக்க மாட்டார். பிள்ளை யார்டிலிருந்து அலுத்து வந்திருக்கிறான் என்று பேசாமல் இருந்திருப்பார். நீங்கள் போனீர்கள், அணைத்தீர்கள், வந்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, 'எந்த அதிகாரம் வேணும்மா?' என்று கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. திரும்பி வந்து ஒரு மணி வரை உங்கள் போனைப் பார்த்ததாக மட்டும் இருக்கிறது.

எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்கவில்லை.

அம்மாவுக்காக மட்டும் வந்த கோபம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. விசுவாசம் கேள்வியினாலே வரும் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். கேள்வி என்றால் அங்கே காதால் கேட்பது. நீங்கள் சத்தமாக வாசித்த நாட்களில் அந்த அறையில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அம்மா, இன்னொருவர் நீங்கள். வாய் சொல்வதை முதலில் கேட்பது சொல்கிறவனுடைய காதுதான். மனசு சரியில்லாத நாளிலும், கடன்காரன் போன் பண்ணிய நாளிலும், பக்கத்தில் ஒருவர் காத்திருந்ததால் வாசித்தே ஆக வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பரிமாறுகிறோம் என்று நினைத்துக்கொண்டே நீங்களும் சாப்பிட்டிருக்கிறீர்கள். போன வருடம் அந்தப் பந்தியை எடுத்துவிட்டீர்கள். இப்போது 'கொஞ்ச நாளாக' பசிக்கிறது என்கிறீர்கள். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். ஓடிப்போய்ச் சேர்ந்த பிலிப்புவுக்கு அது காதில் விழுகிறது. தனக்காக வாசித்தபோதும் அவர் சத்தமாகத்தான் வாசித்தார். அவருக்கும் புரியவில்லை, சந்தேகம் இருந்தது. ஆனாலும் வாசிப்பை நிறுத்தவில்லை. நம் ஊர்க் கதைக்கு வந்தால், தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-ல். அதைக் கையில் பிடித்து வாசிக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்டார்கள். நம் பாட்டிமார்களுக்கு சங்கீதங்கள் மனப்பாடமானது கண் வழியாக அல்ல.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எழுத்துக் கூட்டத் தெரியாது. பத்து வயதில் நான்தான் அவருக்கு வாசிப்பேன். சாமுவேல் புத்தகத்தில் மேவிபோசேத் என்று ஒரு பெயர் வரும். ஒவ்வொரு தடவையும் அதில் தடுக்கி விழுவேன். அப்பா சிம்னி விளக்கைப் பக்கத்தின் மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, 'மெதுவா படி, அவசரமில்ல' என்பார். இரண்டு காலும் முடமான அந்த மனிதனைத் தாவீது ராஜா தன் பந்தியில் தினமும் உட்கார வைத்துச் சாப்பாடு போட்ட அதிகாரம் அது. அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும், அடிக்கடி அதையே கேட்பார். அவருக்குச் சலிக்கவில்லை, எனக்குத்தான் சலித்தது. அந்தச் சலிப்போடு வாசித்ததுதான், பிறகு வாழ்க்கையில் கால் இடறின இடத்திலெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்தியது.

அடுத்து, உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெபத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, 'கொர்பான்', அதாவது காணிக்கையாகக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கை கழுவினவர்களிடம் இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று தெரியும். உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். பணம் காணிக்கையாகிற மாதிரி ராத்திரியும் காணிக்கையாகலாம். நீங்கள் மாதம் ஒரு ராத்திரியை முழுசாக ஜெபத்துக்குக் கொடுக்கிறீர்கள். மீதி இருபத்தொன்பது ராத்திரியில் பத்துப் பத்து நிமிடம் அம்மாவுக்குச் சேர வேண்டியது. அது அவருக்குப் போய்ச் சேரவில்லை.

இன்னொன்று. 'வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை' என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்களே, எந்த டாக்டர் சொன்னார்? புரையாக இருந்தால், மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். சின்ன அறுவை சிகிச்சைதான், பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்பும். கண்ணில் அழுத்தம் கூடியிருந்தால் போன பார்வை திரும்பாது, ஆனால் மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். அதில் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம். சர்க்கரை இருப்பவர்களுக்கு விழித்திரையையும் வருடம் ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, கண் பிரிவு இருக்கிறது. இல்லையென்றால் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி. 1819-ல் தொடங்கியது, இருநூறு வருடத்துக்கு மேலாக நம் ஜனங்களின் கண்ணைப் பார்த்து வருகிற இடம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் மாறி எழும்பூர், அங்கிருந்து ஒரு ஆட்டோ. ஒரு நாள் லீவு போடுங்கள். யார்டு ஓடும். உபவாச ஜெபத்தில் அம்மாவின் கண்ணுக்காகவும் ஜெபித்திருப்பீர்கள். ஜெபித்தவன்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டும்.

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். கூட வேலை பார்த்தவர் செத்துப்போனது சின்ன விஷயம் இல்லை. கடவுள் ஏன் விட்டார் என்று நான் விளக்கம் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. வேதமே எல்லா இடத்திலும் சொல்வதில்லை. 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அழுகையில் ஆரம்பித்து இருளில்தான் முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் நம் முன்னோர் வேதமாக வைத்திருந்தார்கள். மாற்கு 9-ல் ஒரு தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கதறுகிறான். அந்த வசனத்தை எல்லோரும் சொல்வார்கள். அவன் எப்படி வந்தான் என்பதைக் கவனியுங்கள். வியாதிக்காரப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். மனசில் பாதி சந்தேகம், ஆனால் வீட்டில் தன் பொறுப்பில் இருந்த பிள்ளையை விட்டுவிட்டு வரவில்லை. சந்தேகம் தீர்ந்த பிறகு பிள்ளையைக் கவனிக்கலாம் என்று அவன் இருந்திருந்தால் அந்தக் கதையே இல்லை. கேட்க மறந்துவிட்டேன், இறந்துபோனவர் வீட்டுக்கு அப்புறம் ஒரு தடவையாவது போய் வந்தீர்களா? அந்த அம்மாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

கடன் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனைவியிடம் மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டு, மாதா மாதம் கட்ட வேண்டியதை ஒரு தாளில் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். ஆலயத்தில் உட்கார்ந்து தவணையை எண்ணினால் ஒரு ரூபாயும் குறையாது. அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்று சொன்னவர் பாடே இருக்காது என்று சொல்லவில்லை.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் உங்கள் போனை சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் பழைய போனை அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம், பகலில் நீங்கள் வேலைக்குப் போனபிறகு கேட்கட்டும். காலையில் கிளம்பும்போது அவருக்கு வேண்டிய அதிகாரத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். ராத்திரி உங்கள் குரல் வேண்டும். இதை மனைவி தலையில் கட்டாதீர்கள். மருமகள் ஆசையாகச் செய்தால் சந்தோஷம். ஆனால் பெற்ற தாய்க்குச் செய்வது முதலில் பிள்ளையின் வேலை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பையனையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளையாக இருந்து தமிழ் எழுத்துக் கூட்டத் திணறினால் திணறட்டும், ஒரே ஒரு வசனம் அவன் வாசிக்கட்டும். பாட்டி திருத்துவார். தன் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுல் சொல்லும்போது எந்தப் பிரசங்கியார் பேரையும் சொல்லவில்லை. பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று இரண்டு பெண்கள் பேரைத்தான் சொன்னார். உங்கள் வீட்டு லோவிசாள் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார்.

முதல் சில நாள் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. கொட்டாவி வரும், கை போனைத் தேடும். தோன்றுகிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள், வாசித்துக்கொண்டே போங்கள். முதல் நாள் எதை வாசிப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். போன வருடம் எந்தப் புத்தகத்தில், எந்த அதிகாரத்தில் நிறுத்தினீர்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும்.