குடும்பக் குழுவிலிருந்து விலகலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஓய்வு பெற்றவர். எழுந்ததும் ஃபோனைக் கையில் எடுத்தால் அரசியல் வீடியோக்கள்தான். எல்லாவற்றையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். பாதிக்கு மேல் பொய். சொல்லிப் பார்த்தேன், சண்டைதான் மிச்சம். போன மாதம் குழுவிலிருந்தே விலகிவிட்டேன், இப்போது நிம்மதியாக இருக்கிறது. நடுநிலையான செய்திச் சேனல் ஒன்றைச் சொன்னால் அவரையும் அதற்கு மாற்றப் பார்க்கிறேன்.

ரம்யா, திருப்பூர்

அன்புள்ள ரம்யா,

நடுநிலைச் சேனலைத் தேடாதீர்கள். சன் 1993இல் வந்தது, ஜெயா 1999இல், கலைஞர் 2007இல். எது யார் வீட்டுச் சேனல் என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும். கட்சிகள் ஒளிபரப்பில் இறங்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014இல் பரிந்துரைத்தது, அது அப்படியே கிடக்கிறது. தவறுதான். ஆனாலும் எனக்கு அதில் பெரிய பயம் இல்லை. ஜெயா டிவி சொன்னதை திமுககாரரும் பார்த்தார், மறுநாள் பதில் சொன்னார்.

என்னை உறுத்துவது அந்த 'நிம்மதி'தான்.

நான் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தேரடியில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் மற்ற கட்சிக்காரர்கள் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஓரமாக நின்று கேட்பார்கள். என் சித்தப்பா அப்படி நிற்பவர், சிகரெட் அட்டையைப் பிரித்து அதில் குறிப்பெடுப்பார். அடுத்த வாரம் அதே தேரடியில் இவர்களுடைய விளக்கப் பொதுக்கூட்டம், முதல் கூட்டத்தில் பேசியவரின் பெயரைச் சொல்லியே பதில் வரும். அவர்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. கொச்சையாகப் பேசினார்கள், சாதி பேசினார்கள், பொய்யும் பேசினார்கள். ஆனால் என்ன பேசினார்கள் என்பது ஊருக்கே தெரியும், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு என்ன சொல்லப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது அவருக்குத் தெரியாது. ஜனநாயகத்தை அரித்துக்கொண்டிருப்பது இதுதான் என்று நான் நெடுநாளாக நினைக்கிறேன். பொய் புதிதல்ல, எதிராளியின் காதில் விழாமலே ஒரு பொய் லட்சம் பேரிடம் போய்ச் சேர முடிவதுதான் புதிது.

நீங்கள் திருப்பூர்க்காரர், 2023 மார்ச்சை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சண்டைகளின் காட்சிகளை ஒட்டிச் செய்தவை அவை. பயந்துபோய் ஊருக்கு ரயிலேறியவர்கள் எத்தனை பேர்! பீகார் சட்டமன்றத்தில் அமளி, அங்கிருந்து அதிகாரிகள் குழுவே கிளம்பி வந்தது. திருப்பூர் பேருந்து நிலையத்தில் ஒருவன் மைக் பிடித்து அதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நூறு பேர் 'எங்கேய்யா நடந்தது?' என்று கேட்டிருப்பார்கள். உங்கள் தெருவைப் பற்றிய பொய், உங்களுக்குத் தெரியாமல், உங்கள் தெருவிலேயே குடியிருந்தவரின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் மறுப்பு வீடியோ வெளியிட வேண்டியிருந்தது, முதல்வர் தொழிலாளர்களைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

வாட்ஸ்அப் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. சரி, வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பது இன்னும் மறைவாகத்தான் இருக்கிறது. அதற்காக அரசாங்கம் எல்லோருடைய செய்தியையும் திறந்து பார்க்கட்டும் என்று கேட்பவர்களோடு நான் இல்லை, அது இதைவிடப் பெரிய ஆபத்து.

அப்படியென்றால் யார் பார்ப்பது? நீங்கள்தான், ரம்யா. அந்தக் குழுவில் அப்பாவுக்கு வருவதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்த ஒரே மாற்றுக்கட்சிக்காரர் நீங்கள். நீங்களும் எழுந்து போய்விட்டீர்கள். அவரைத் திருத்த முடியாமல் போனது உங்கள் குற்றமில்லை, எந்தப் பிள்ளையும் அப்பாவைத் திருத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவரை அந்த வீடியோக்களோடு தனியாக விட்டது குற்றம்தான். வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. அவரைப் பொருட்படுத்திக் காலையில் 'வணக்கம்' சொல்வது அந்தக் குழுக்கள் மட்டும்தான் என்றால் அவர் வேறு எங்கே போவார்?

மறுபடி சேருங்கள். சண்டை போட வேண்டாம், எல்லாவற்றுக்கும் பதில் எழுதவும் வேண்டாம். வாரத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, 'இது எங்கே நடந்ததுப்பா, யார் அனுப்பினாங்க?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திருப்பூரைப் பற்றி வருவதிலிருந்து ஆரம்பியுங்கள், அந்த ஊரை அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.